கலக்கூறுகளைப் பிரித்தறிதலும் இறப்பர்ப் பாலும்

கல்முனை வயற்களங்களிலே சூடடித்த நெல்லைத் தூற்றும் காட்சியை அறியாதார் நம்மிடை அரியர். மணி அருகே விழும்; பதர் அப்பாற் செல்லும். உயிர்க்கலத்தின் உறுப்புக்களை ஆய்வுகூடத்தில் வேறாக்கும் முறையும் ஏறக்குறைய இத்தகையதே. அங்கே காற்றின் தொழிலை மையநீக்கி என்னும் சுழற்பொறி ஆற்றுகின்றது. மெல்லச் சுழற்றின் பருத்த கருக்கள் குழாயின் அடியிற் படியும். மேலுள்ள நீரை வேறாக வடித்து விரைந்து சுழற்ற இழைமணிகளும், பின்னர் அவற்றினும் நுண்ணியனவும் முறையே படியும். வகுப்பறையில் நாம் கலத்தின் படத்தை வரைந்து பெயர் குறிக்கச் செய்வதோடு அமைகின்றோம். எவ்வுறுப்பு எத்தொழில் புரிகின்றது என்பதோ படத்தினால் அறியப்பட்டதன்று; இவ்வாறு பிரித்துச் சோதித்தே அறியப்பட்டது.

இம்முறையில் இடர் விளைவது அரைத்தலிலேதான். வெறும் நீரில் அரைப்பின் நீர் உட்புகுந்து, சவ்வினாலாய உறுப்புக்கள் ஊதி வெடிக்கும். ஆதலின் குளிரூட்டிய சீனிக் கரைசலிலே மெதுவாக அரைப்பர். பெல்சிய நாட்டு லூவேன் நகரில் 1949 ஆம் ஆண்டு டி டுவே என்பார் எலியின் ஈரலை இங்ஙனம் அரைத்தபோது, அமில பொசுபற்றேசு என்னும் நொதியம் எதிர்பார்த்ததில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கே தொழிற்பட்டது. அளவையிற் பிழையென்று அவர் அதனைத் தள்ளிவிடவில்லை. ஐந்து நாள் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து மீண்டும் அளந்தபோது எஞ்சியதும் வெளிப்பட்டது. நொதியம் ஒரு சவ்வுப்பையினுள் அடைபட்டிருந்து, பை சிதையவே வெளிவந்தது. அப்பைக்கு 1955 இல் இலைசோசோம் எனப் பெயரிட்டனர். கடுமையாக அரைக்கும் பொறியையே தொடர்ந்து கையாண்டிருப்பின் அவர் அதனைக் கண்டிருத்தல் அரிது.

அரைக்கவே வேண்டாத கலப்பொருளும் ஒன்று உண்டு. அது களுத்துறை, கேகாலைப் பகுதித் தோட்டங்களில் வடிக்கப்படும் இறப்பர்ப் பால். பட்டையிலுள்ள பாற்குழாய்க் கலங்களின் குழியவுருவே வெட்டுவாயில் வெளியே பாய்கின்றது. கருக்கள் பெரும்பாலும் உள்ளே தங்கிவிடும். மலாயாவில் 1953 இல் குக், சேகர் என்னும் இருவர் இப்பாலைப் புவியீர்ப்பின் 59,000 மடங்கு விசையிற் சுழற்றிப் பிரித்தனர். மேலே வெண்மையான இறப்பர், இடையே தெளிந்த நீர், அடியிலே படிவு. அப்படிவிற் பெரும்பாலான லூட்டோயிட்டு என்னும் நுண்பைகள், அமில நீரும் நொதியங்களும் கொண்டு இலைசோசோமை ஒத்திருக்கின்றன.

வெட்டிய சில மணி நேரத்திற் பால் நின்றுவிடுவது ஏன்? தோட்டத் தொழிலாளியின் வருவாய் இவ்வினாவைச் சார்ந்தது. பாக்கியநாதன் முதலியோர் 1966 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டியது. பால் வெளியேறக் குழாயில் அழுத்தங் குறையும். அயற்கலங்களிலிருந்து நீர் உட்புகும். பால் நீர்த்துப்போக லூட்டோயிட்டுக்கள் வெடிக்கும். அவற்றின் உள்ளீடு இறப்பர்த் துணிக்கைகளைத் திரளச் செய்து குழாய்வாயை அடைக்கின்றது. சீனிக் கரைசலால் ஆய்வாளர் தடுக்க முயலும் அதே விபத்து மரத்தின் காயத்தை மூடுகின்றது! மறுமுறை பட்டையை மெல்லிதாகச் சீவும்போது அவ்வடைப்பும் நீங்கிப் பால் மீண்டும் பாய்கின்றது.