வாக்குரிமையற்றோரும் தேர்தல் முடிவும்: அமெரிக்க எச்-4 பணி அனுமதி

ஒரு நாட்டின் தேர்தல், அங்கு வாக்குரிமையின்றி வாழும் அயல்நாட்டவரின் வாழ்வையும் மாற்றவல்லது. அமெரிக்க எச்-4 பணி அனுமதி இதற்குத் தக்க சான்றாகும்.

எச்-1பி விசாவில் பணிபுரிவோரின் வாழ்க்கைத்துணைக்கும் பிள்ளைகளுக்கும் உரியது எச்-4 விசா. இவ்விசாவினர் ஊதியப் பணி செய்ய முன்பு இடமில்லை. நிரந்தர வசிப்புரிமைக்கான தொடக்க ஒப்புதலைப் பெற்ற எச்-1பி பணியாளரின் துணைவருக்கு 2015இல் ஒபாமா நிர்வாகம் பணி அனுமதி அளித்தது. வேலைவாய்ப்பு அடிப்படையிலான வசிப்புரிமையில் ஒரு நாட்டினருக்கு ஆண்டுக்கு 7 விழுக்காடு என்பது பொது வரம்பு. ஆகவே இந்தியர் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்கிறது. இவ்வனுமதி பெற்றோருள் இந்தியப் பெண்களே மிகுதியாவர்.

2016 தேர்தலில் ட்ரம்ப் வென்றபின் இவ்விதியை நீக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பைடன் பதவியேற்றபின், 2021 சனவரியில் அது கைவிடப்பட்டது. விதி நீக்கப்படவில்லை எனினும், இடைப்பட்ட ஆண்டுகளில் இப்பெண்களின் பணி நிலையற்றதாகவே இருந்தது.

இதற்குக் காரணம் அவ்வுரிமையின் சட்டநிலையே. அது காங்கிரஸ் இயற்றிய சட்டத்தில் வெளிப்படையாக இடம்பெறவில்லை; நிர்வாக விதியால் அமைந்தது. சட்டத்தைத் திருத்த இரு அவைகளின் இசைவு வேண்டும். விதியையோ, பொதுமக்கள் கருத்தைக் கேட்டபின் நிர்வாகமே நீக்கலாம். ஆகவே, புலம்பெயர்ந்தோரின் உரிமை எத்துணை உறுதியானது என்பது, அது சட்டத்தில் நிற்கிறதா, விதியில் நிற்கிறதா என்பதைப் பொறுத்தே அமைகிறது.