அளவுகோல் யார் கையில்?

புங்கனூர்க் குட்டைப் பசுவைப் பற்றி இந்நாளில் பேசாத தமிழ்க் குடும்பம் இவ்வட்டாரத்தில் அரிது. 2024-ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டிப் பிரதமர் தம் தில்லி இல்லத்தில் இப்பசுக்களுக்குத் தீவனம் ஊட்டிய படங்கள் நாடெங்கும் பரவின. அதன் பின்னர், கொல்லையில் இடமிருப்போர் மட்டுமன்றி, மாடியில் தொட்டிச்செடி வைக்கவே இடம் போதாதவர்களுங்கூட ஒன்றை வாங்கிக் கட்டினால் என்ன என்று எண்ணத் தலைப்பட்டனர். திருச்சானூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நமக்கோ அது தொலைதூரச் சரக்கன்று. பழைய சித்தூர் மாவட்டத்துப் புங்கனூரே அதன் பிறந்தகம். பேருந்தில் ஏறினால் அரைநாளில் போய்ப் பார்த்து வரலாம்.

ஆவல் பெருகியதும் விலை ஏறிற்று. ஒரு பசுவுக்கு இலட்சக் கணக்கில் விலை பேசப்படுகிறது. கண்காட்சியில் பரிசுப் பட்டை கட்டிய மாடு என்றால் கேட்கவே வேண்டியதில்லை. ஆதலின் மாட்டைப் பற்றி எழுதுவோர் பலராயிருக்க, அம்மாட்டுக்குப் பரிசு கொடுப்பவரைப் பற்றி நாம் இங்கே சிறிது ஆராய விழைகின்றோம். மதிப்பிடுபவரின் நேர்மை தவறினால் நட்டம் போட்டியில் தோற்றவருக்கு மட்டும் அன்று. பத்தாண்டுச் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டும் குடும்பத்தலைவருக்கும் அது நட்டமே.

புங்கனூர் மாட்டின் தனிச்சிறப்பு அதன் குட்டைத்தன்மை. முழு வளர்ச்சி அடைந்த மாடு 70 முதல் 90 சென்டிமீட்டர் உயரம் இருக்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அஃதாவது மூன்றடிக்குள். அகன்ற நெற்றி, பிறைபோல் வளைந்த சிறு கொம்புகள், நிலத்தைத் தொடுவதுபோல் நீண்ட வால் ஆகியவையும் அதன் அடையாளங்களே. எனினும் சந்தையில் நிற்பவர் கண்ணுக்கு உயரம் ஒன்றுதான் தெரிகிறது. குறைவே மேன்மையாகக் கருதப்படும் பொருளில் அளவு பார்ப்பது எத்துணைச் சிக்கலானது என்பதைக் குதிரை உலகம் நமக்கு முன்பே கண்டுவிட்டது.

மேல்நாடுகளில் மட்டக்குதிரைகளுக்கென்று தனிக் கண்காட்சிகள் உண்டு. குதிரையின் உயரத்தை அங்கே 'கை' என்னும் அளவால் கூறுவர். ஒரு கை நான்கு அங்குலம். பன்னாட்டுப் போட்டி விதிப்படி, இலாடம் இல்லாமல் 148 சென்டிமீட்டருக்கு மேற்படாததே மட்டக்குதிரை. ஒரு விரற்கடை மிஞ்சினால் அது பெருங்குதிரைகளோடு நிற்க வேண்டும். அங்கே அதற்குப் பரிசு கிடைப்பது அரிது. எனவே அந்த ஒரு விரற்கடையை மறைக்க மனிதர் செய்த தந்திரங்கள் ஒன்றிரண்டல்ல. குளம்பை அளவு மீறிச் செதுக்குவர். அளவுகோலின் குறுக்குச் சட்டம் வந்து படியும் தோள்மேட்டில் நாள்தோறும் ஊசியால் குத்திக் குத்திப் பழக்குவர். பின்னர்க் கோல் பட்டவுடன் அவ்விலங்கு நடுங்கி உடலைத் தாழ்த்திக்கொள்ளும். அளப்பவர் எண்ணைப் படித்துப் பதிவேட்டில் எழுதுவார். எண் பொய்யன்று, ஆயினும் எழுதப்பட்டது உண்மையுமன்று. போலோ ஆட்டத்திலும் ஒரு காலத்தில் குதிரைக்கு உயர வரம்பு இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் அவ்வரம்பையே கைவிட்டனர்.

குட்டைப் பசுவுக்கு ஊசி வேண்டியதில்லை. அதைவிட எளிய வழி இருக்கிறது. கன்றையே பசு என்று காட்டிவிடலாம். வேற்றினக் கலப்புள்ள ஒரு கிடாரி, ஒன்றரை வயதில் கோலுக்கு அடங்கித்தான் நிற்கும். வாங்கிச் சென்றவர் வீட்டில் அது இரண்டு கோடைகளைக் கடந்ததும் தலையை நிமிர்த்திச் சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கும். ஆதலால் பல்லைப் பாராமல் உயரத்தை அளப்பது, தேதி இல்லாத கடிதத்தைப் போன்றது. மாட்டுக்கு ஏறத்தாழ இரண்டு, இரண்டரை வயதில் பால்பற்களின் நடு இணை விழுந்து நிலைப்பற்கள் இரண்டு முளைக்கும். பின்னர் நான்கு, ஆறு என்று கூடி, ஐந்து வயதுக்குள் எட்டும் சேர்ந்துவிடும். பல் சேர்ந்த மாட்டை அளந்து சொன்னால்தான் அது குட்டை இனம் என்பதற்குப் பொருளுண்டு. அளக்கும்போதும் திமிலின் உச்சியில் கோலை வைத்தல் ஆகாது. திமிலுக்குப் பின்னால் முதுகில் வைத்து, சமதரையில் நான்கு கால்களும் நேராக ஊன்றி நிற்கும்படி செய்து அளக்க வேண்டும். மணற்குழியில் முன்னங்கால் புதைய நிறுத்தினால் எந்த மாடும் குட்டையே.

ஆந்திர நாட்டின் புகழ்பெற்ற ஓங்கோல் காளைகளுக்கு நடக்கும் கல்லிழுப்புப் போட்டிகளைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். அங்கே அழகுக்கு மதிப்பெண் இல்லை. குறித்த நேரத்தில் கல்லை எத்தனை அடி இழுத்தது என்பதே கணக்கு. நேரத்தையும் தூரத்தையும் கூட்டத்தார் யாவரும் காண்கின்றனர். எனினும் காளைகளைப் பால்பல், இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என்று பிரித்தே நிறுத்துவர். ஆறு பல் காளையை நான்கு பல் கூட்டத்தில் நுழையவிட்டால் பிறகு எவ்வளவு துல்லியமாக அடி அளந்தும் பயனில்லை. ஆகவே பல் பார்ப்பவர் எவரோ, அவரே உண்மையில் நடுவர்.

குதிரையிலும் வயது காட்டுவது பல்லே. முதுமை ஏற ஏறப் பல்லின் மேற்புறத்துக் கருங்குழி தேய்ந்து மறையும். முதிய குதிரையின் பல்லில் புதிதாகக் குழி குடைந்து, சூட்டுக்கோலால் கருக்கி, இளமை காட்டி விற்ற வணிகரைப் பற்றிக் கால்நடை மருத்துவ நூல்கள் கூறுகின்றன. நம் முன்னோரும் இவ்வகை ஏமாற்றை அறியாதவர் அல்லர். மாணிக்கவாசகர் வரலாற்றில் நரி பரியான கதையைச் சிறுவரும் அறிவர். பகலில் அணிவகுத்து நின்ற குதிரைகளைப் பாண்டியன் கண்டு மகிழ்ந்து ஏற்றுக்கொண்டான். இரவில் அவை நரிகளாகிப் பழைய குதிரைகளையும் கடித்துக் குதறின. அக்கதையில் 'கயிறு மாறுதல்' என்றொரு வழக்கம் வருகிறது. விற்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்குக் கயிறு மாறிவிட்டால் அதன்பின் வழக்கில்லை. இறைவன் திருவிளையாடலை விட்டுவிட்டு, வணிகமுறையாக மட்டும் நோக்கினால், கயிறு மாறுமுன் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துவிட வேண்டும் என்ற எச்சரிக்கை அதிலேயே அடங்கியிருக்கக் காண்கிறோம்.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில், ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் விழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தையில், இன்றும் வாங்குவோர் முதலில் தேடுவது சுழியை. நெற்றியிலும் கழுத்திலும் மயிர் சுழித்திருக்கும் இடத்தைக் கொண்டு நன்மை தீமை கூறுவர். சுழி சுத்தம் என்றால் விலை ஏறும். அதற்கும் குதிரையின் காலுக்கோ மூச்சுக்கோ தொடர்பிருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. ஆயினும் சுழியிடம் ஒரு நல்ல குணம் உண்டு: அது இருக்குமிடத்தை யார் வேண்டுமாயினும் விரல் வைத்துக் காட்டலாம். 'நடை அழகு', 'அமைப்பு நேர்த்தி' என்று நடுவர் தம் மனத்துக்குள் இடும் மதிப்பெண்ணை அவ்வாறு தொட்டுக் காட்ட இயலாது. தொல்லை பிறப்பது அங்கேதான்.

உலக அரங்கிலேயே அது பிறந்தது. 1956-ஆம் ஆண்டு ஒலிம்பிக் மெல்போர்னில் நடந்தபோது, ஆஸ்திரேலியாவின் விலங்கு நோய்த் தடுப்பு விதிகளால் குதிரைப் போட்டிகளை மட்டும் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் நடத்தினர். அதில் குதிரையின் பயிற்சி நடையைக் கண்டு மதிப்பெண் இடும் பிரிவு ஒன்று உண்டு. ஜெர்மானிய நடுவர் ஜெர்மானிய வீரர் மூவரையும் முதல் மூன்று இடங்களில் வைத்தார். ஸ்வீடிஷ் நடுவரோ தம் நாட்டார் மூவரையும் முதல் மூன்று இடங்களில் வைத்தார். ஒரே குதிரை, ஒரே களம், ஒரே நடை. கண்கள் மட்டும் வேறு! பன்னாட்டுக் குதிரைச் சங்கம் இருவரையும் நடுவர் பணியிலிருந்து விலக்கி வைத்தது. 1960-இல் ரோம் நகரில் அப்பிரிவில் குழுப் போட்டியே இல்லாமற் போயிற்று. இந்நாளில் களத்தைச் சுற்றி ஏழு நடுவர்கள் தனித்தனியே அமர்கின்றனர். ஒவ்வொருவர் இட்ட மதிப்பெண்ணும் வெளிப்படையாக அறிவிக்கப்படுகிறது.

அந்த இருவரும் கையூட்டு வாங்கினர் என்று எவரும் சொல்லவில்லை. தம்மவர் ஏறிய குதிரை தமக்கு அழகாகவே தோன்றியிருக்கும். நம் வட்டாரத்து மாட்டுக் கண்காட்சிகளில் நாம் அஞ்சவேண்டியதும் பெரும்பாலும் இதையே. குட்டை இனம் வளர்ப்போர் சிலரே. அவர்கள் ஒருவரை ஒருவர் அறிவர். ஒருவர் தொழுவத்துக் காளை மற்றவர் தொழுவத்துப் பசுவுக்குத் துணை. இனத்தை நன்கறிந்தவரை நடுவராக்குவோம் என்றால், நன்கறிந்தவர் வீட்டுக் கன்றே களத்தில் நிற்கிறது. மேல்நாட்டு மட்டக்குதிரைக் காட்சிகளில், தாம் வளர்த்த, விற்ற, முன்பு உடைமையாகக் கொண்டிருந்த விலங்கை நடுவர் மதிப்பிடலாகாது என்று விதி வைத்திருக்கின்றனர். அதோடு, அதற்கு வைத்தியம் பார்த்தவரும் அன்றைக்கு விலகி நிற்பது நலம் என்பது நம் கருத்து.

புகைவண்டிப் பார்சல் அலுவலகத்தில் நாம் கற்ற ஒன்றை இங்கே குறிப்பிடுவது மிகையாகாது. மூட்டையை நிறுப்பவர் தம் முதுகால் முள்ளை மறைத்து நின்றால், நிறை சரியாகவே இருந்தாலும் அனுப்புபவர் முணுமுணுப்பார். முள்ளை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டால், பத்து ரூபாய் கூடுதலானாலும் பேசாமல் கட்டிவிட்டுப் போவார். கண்காட்சியிலும் உயரம், பல், நெற்றி, கொம்பு, மடி என ஒவ்வொன்றுக்கும் இட்ட எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் பாதிப் பூசல் தீரும். நம் அருகிலேயே 1955-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2005-இல் எழுந்த ஸ்ரீ வெங்கடேசுவரா கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விலையில் பங்கில்லாத கண்களைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை.

இதில் இன்னுமொரு கவலை உண்டு. பரிசு பெற்ற காளை பரிசோடு நின்றுவிடுவதில்லை; அதுவே பொலிகாளையாகும். உறையவைத்த விந்து வழியாக ஒரே காளை ஆயிரக் கணக்கான கன்றுகளுக்குத் தந்தையாகும் காலம் இது. உயரக் குறைவு ஒன்றுக்கே முதற்பரிசு என்றால், வளைந்த காலும் ஒடுங்கிய மார்பும் உடைய குறளைகளுக்கும் மாலை விழும். அவற்றின் வழியில் வரும் பசுக்கள் கன்று ஈனுவதற்குப் படும் துன்பத்தை நடுவர் காணப் போவதில்லை. அருகிப் போய்விடுமோ என்று அஞ்சப்பட்ட இனம், வறட்சியிலும் சொற்பத் தீனியில் பால் கொடுத்து ஏழைக் குடியானவனைக் காத்த இனம், இப்போது பெருமை மிகுந்ததனாலேயே உருக்குலைவது வேதனையன்றோ?

வாங்கக் கருதும் அன்பர்கள் முதலில் பலமனேருக்குச் சென்று, அங்குள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையம் பேணிவரும் புங்கனூர் மந்தையைக் கண்டு வருவது நலம். இனத்தின் உண்மை உருவம் ஒருமுறை கண்ணில் பதிந்துவிட்டால் பிறகு தரகர் பேச்சு அவ்வளவாக ஏறாது. பலமனேருக்கு இருப்புப்பாதை இல்லை என்பதை நம் துறையின் சார்பில் வருத்தத்தோடு தெரிவித்துக் கொள்கிறோம். சித்தூர் வழியாகப் பேருந்தில்தான் செல்ல வேண்டும். அதன்பின் விற்பனைக்கு நிற்கும் மாட்டைப் பார்க்கப் போகும்போது ஓர் அளவுநாடாவும், பல் பார்க்கத் தெரிந்த, அவ்வூரைச் சேராத ஒருவரும் உடனிருத்தல் வேண்டும். பரிசுச் சான்று காட்டப்பட்டால் அதில் கையொப்பமிட்டவர் பெயரைக் குறித்துக்கொண்டு, மாடு முன்பு யார் தொழுவத்தில் இருந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். இரண்டு பெயரும் ஒன்றாயிருந்தால் கயிற்றை வாங்காமல் திரும்பிவிடுங்கள்.