பட்டாளத்துப் பாட்டனார்: ஊவாத் தோட்டக் குடும்பங்களும் படைப் பதிவேடுகளும்

ஊவா மாகாணத்துத் தோட்டக் குடும்பங்கள் சிலவற்றில் ‘எங்கள் பாட்டனார் பட்டாளத்தில் இருந்தவர்’ என்னும் கூற்று வழிவழியாக வழங்கி வருகின்றது. அதற்குச் சான்றாக ஒரு பழைய பதக்கமோ, எண் பொறித்த வில்லையோ, எழுத்து மங்கிய காகிதமோ தகரப்பெட்டியின் அடியிற் கிடப்பதுண்டு. சில வீடுகளில் அதுவும் இராது. கூற்று மெய்தானா, மெய்யாயின் அவர் எப்படையில் எக்காலத்துச் சேவித்தார் என ஆராயப் புகுவோர் முதற்கண் எதிர்ப்படும் இடர் யாதெனின், ‘பட்டாளம்’ என்னும் சொல் ஒன்றாகவும் அது சுட்டும் பொருள் பலவாகவும் இருப்பதேயாம்.

தோட்ட வாழ்க்கையே படைவாழ்க்கையின் சொற்கள் சிலவற்றைத் தன்னகத்தே கொண்டுள்ளது. விடியற்காலையில் தொழிலாளர் ஒன்றுகூடிப் பேர் கொடுக்கும் ‘பிரட்டு’, படைவீரர் அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பர். ‘லயம்’ என்பது ‘லைன்’ என்பதன் திரிபு எனக் கொள்ளப்படுகின்றது. படைவீரர் குடியிருப்பு வரிசைகளையும் ஆங்கிலேயர் அப்பெயராலேயே வழங்கினர். ‘கேம்பு’ என்று முதியோர் கூறுவது பெரும்பாலும் தட்டப்பாறையிலோ மண்டபத்திலோ இருந்த தொற்றுநோய்த் தடை முகாமையாகும். ஆகவே ‘கேம்பில் இருந்தார், நம்பர் கொடுத்தார்கள்’ என்னும் பேச்சைக் கேட்ட மாத்திரத்தே அவரைப் போர்வீரராக்கிவிடுதல் தகாது. எண் பொறித்த வில்லைக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளர்க்குத் தோட்டத்தையும் ஆளையும் அடையாளங்காட்டும் தகர வில்லை ஒன்று வழங்கப்பட்டது. அதனைக் கயிற்றிற் கோத்துக் கழுத்தில் அணிந்தே அவர்கள் கடல் கடந்தனர். ஒரு வில்லையில் அரசன் முகமும் படைப்பிரிவின் பெயரும் இன்றி எண் மட்டுமே காணப்படுமாயின் அது பெரும்பாலும் இவ்வகையினதாகும். படைச் சான்றாகாவிடினும், முன்னோர் வந்த வழியைக் காட்டும் அதன் மதிப்பு பதக்கத்தின் மதிப்பினும் குறைந்ததன்று.

துரைமாரின் படைவரலாற்றை அறிவதில் இத்துணை இடர் இல்லை. இலங்கை ரைபிள் படையைச் சார்ந்தவரும் பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவருமான மேஜர் தோமஸ் உவில்லியம் றோஜர்ஸ் 1845இல் அப்புத்தளைக் கணவாயில் இடி விழுந்து மாண்டார். அவர் நினைவாகவே பதுளைச் சென். மார்க் தேவாலயம் எழுந்தது. தோட்டத்துரைமார் ரைபிள் படை 1900இல் அமைக்கப்பட்டு 1949 வரை நிலவியது. ஐரோப்பியரே அதில் இடம்பெற்றனர். 1914 ஒக்ரோபரில் அப்படையினின்றும் எகிப்துக்குக் கப்பலேறிய இருநூற்றுக்கு மேற்பட்டோரின் சேவை விவரங்களை இலண்டன் ஆவணங்களில் தேடலாம். 1940 செப்ரெம்பரில் விமானக் குண்டுவீச்சால் இலண்டன் களஞ்சியம் எரிந்தபோது முதலாம் உலகப்போர்க்காலப் பிரித்தானியப் போர்வீரர் கோப்புகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 பங்கு அழிந்தன என்பது உண்மையே. ஆயினும் பதக்கப் பட்டியலும் நினைவுக்கல்லும் துரைமாருக்கு எஞ்சின.

தமிழ்த் தொழிலாளர் நிலை வேறு. ஊவாவிற்கு அவர்களைக் கொணர்ந்த முதல் அமைப்புகளுள் ஒன்றே ஓர் அரைப்படைதான். 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபின் மலைநாட்டு வீதிகளை அமைக்கக் கூலிப்படை வேண்டியதாயிற்று. ‘பயோனியர்’ எனப்பட்ட அப்படையில் தென்னிந்தியத் தமிழர் பெருந்தொகையினராகச் சேர்ந்து, படை அதிகாரிகளின் கீழ்ப் படை ஒழுங்குடன் பணிபுரிந்தனர். இளமையிலேயே இலங்கை ரைபிள் படையிற் சேர்ந்து, 1841 முதல் 1867 வரை வீதி ஆணையாளராக விளங்கிய தோமஸ் ஸ்கின்னர் இப்படையினரைக் கொண்டே மலைநாட்டு வீதிகள் பலவற்றை வெட்டுவித்தார். ஸ்கின்னரின் வாழ்க்கைக் குறிப்புகள் 1891இல் நூலாக வெளிவந்தன. மண் வெட்டிக் கல் சுமந்தோரோ அரசாங்க ஆண்டறிக்கைகளில் எண்ணிக்கையாகவே தோன்றுகின்றனர். ஆதலால் ‘பாட்டன் பட்டாளத்தில் ரோட்டுப் போட்டவர்’ என ஒரு குடும்பம் கூறுமாயின், அதைத் தேடவேண்டிய இடம் போர்ப் பதிவேடுகள் அல்ல. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்து வீதி, கச்சேரி ஆவணங்களேயாம்.

‘பயோனியர்’ என்னும் இச்சொல்லே மற்றொரு மயக்கத்தையும் விளைக்கின்றது. சென்னைப் பட்டாளத்தில் அப்பெயருடைய போர்ப்படைப் பிரிவுகள் 1933 வரை இருந்தன. இரண்டாம் உலகப்போரிலும் அப்பெயரால் உழைப்புப் படைகள் அமைக்கப்பட்டன; அவற்றில் இந்தியரும் இலங்கையரும் சேவித்தனர். மூன்றும் தம்முள் தொடர்பற்றவை. எவ்வகைப் பயோனியர் என்பதைப் பாட்டனாரின் பிறந்த ஆண்டே பெரும்பாலும் தீர்த்துவைக்கும். 1900ஐ ஒட்டிப் பிறந்தவர் ஸ்கின்னரின் ஆளாக இருத்தல் இயலாது.

தொழிலாளர் பெயர் ஏன் மறைந்தது என்பதை விளங்கிக்கொள்ள ஊவாவிலேயே ஓர் ஒப்பீடு கிடைக்கின்றது. தென்னாபிரிக்கப் போயர் போரிற் சிறைப்பட்டோரை ஆங்கிலேயர் 1900ஆம் ஆண்டு முதல் தியத்தலாவைக்குக் கொணர்ந்தனர். அங்கு ஏறத்தாழ 5,000 பேர் அடைக்கப்பட்டிருந்தனர். பகைவராயினும் அவர்களுடைய பெயர்கள் பதிவாகியுள்ளன. அவர்தம் வழித்தோன்றல்கள் அவற்றை இன்றும் தேடிக் காண்கின்றனர். அதே போரில், நேற்றாலில் காந்தியடிகள் திரட்டிய இந்திய மருத்துவ உதவிப்படையில் ஏறத்தாழ 1,100 பேர் காயமுற்றோரைச் சுமந்தனர். அவருள் ஏறக்குறைய 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். தமிழரும் அவருட் பலர். பதக்கம் பெற்றோரோ தலைவர்கள் 37 பேரே.

எனினும் நேற்றால் தமிழர் வழித்தோன்றலுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஒப்பந்தக் கூலி ஒவ்வொருவர்க்கும் கப்பற் பட்டியலில் ஓர் எண்ணும், அதன் எதிரே தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம் என்பனவும் எழுதப்பட்டன. 1860க்கும் 1911க்கும் இடையில் அங்குச் சென்ற ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பட்டியல் இவ்வாறு எஞ்சியுள்ளது. இலங்கைக்கு ஆள் சேர்த்த முறை அதுவன்று. கங்காணி தன் ஊரிலும் அயலூரிலும் உறவினரையும் அறிந்தோரையும் திரட்டி, கடனைத் ‘துண்டு’ச் சீட்டில் ஏற்றிக் கொணர்ந்தான். பட்டியலின் இடத்தைக் கங்காணியின் நினைவே நிரப்பிற்று. எனவே ஊவாவில் ஆராய்வோர், பாட்டனாரின் பெயரோடு கங்காணியின் பெயரையும் ஊரையும் விசாரித்தல் வேண்டும். கங்காணியின் ஊர் தெரிந்தால் பாட்டனாரின் ஊர் பெரும்பாலும் அருகில் இருக்கும்.

ஊர் அறிந்தபின்னரே சென்னைப் பட்டாளத்தை நோக்குதல் பயன்தரும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வடபுலத்து இனங்களே போருக்குரியவை என்னும் கொள்கை ஆங்கிலப் படைத்தலைவரிடை ஓங்கிற்று. தளபதி றொபேட்ஸ் அதன் பெரும் ஆதரவாளர். தென்னாட்டுக் காலாட்படைகள் இதனாற் குறுகின. எஞ்சியவையும் முதலாம் உலகப்போருக்குப்பின் கலைக்கப்பட்டன. சென்னைப் படைப்பிரிவு மீண்டும் எழுந்தது இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேதான். ஆகவே 1930ஐ ஒட்டி ஒருவர் சென்னைக் காலாட்படையில் இருந்தார் எனின் அதனை ஐயுறுதல் நன்று. அவர் பொறியியற்படையாகிய ‘சாப்பர்’ படையைச் சார்ந்தவராதல் கூடும். சிப்பாய்களின் சேவைத் தாள்கள் இலண்டனுக்கு அனுப்பப்படவில்லை; அவை அவ்வப்படைப்பிரிவின் நிலையத்தையே சார்ந்தன. இன்று சென்னைப் படைப்பிரிவின் நிலையம் நீலகிரி வெலிங்டனிலும், சாப்பர் படையின் நிலையம் பெங்களூரிலும் உள்ளன. இலண்டனுக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்து சலிப்போர் இதனை அறிதல் நலம்.

பதக்கம் இருப்பின் அதன் முகத்தைவிட விளிம்பே பெரிதும் பேசும். 1914–18 போர்ப்பதக்கத்தின் ஒருபுறம் ஐந்தாம் ஜோர்ஜ் அரசன் தலையும், மறுபுறம் குதிரைமேல் அமர்ந்த வீரன் உருவும் இருக்கும். விளிம்பிற் படையெண், பதவி, பெயர், பிரிவு என்பன பொறிக்கப்பட்டிருக்கும். போராடியோர்க்கு அது வெள்ளியிலும், உழைப்புப் படையினர்க்கு வெண்கலத்திலும் வார்க்கப்பட்டது. இவ்வேற்றுமை ஒன்றே பாட்டனார் துப்பாக்கி ஏந்தியவரா, சுமை ஏந்தியவரா என்பதை உணர்த்தவல்லது. துலக்கித் தேய்ப்பின் விளிம்பெழுத்து அழியும். மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் உரசிப் படியெடுத்தலே போதும்.

போரில் மாண்டவராயின் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழுவின் பட்டியலை நோக்கலாம். 1917இல் நிறுவப்பட்ட அவ்வமைப்பின் பதிவுகளில் இந்திய வீரர் பலர்க்கு ‘இன்னார் மகன், இன்ன ஊர், இன்ன தாலுகா’ என்னும் குறிப்பும் உளது. ஆனால் பட்டியலிற் பெயரின்மை சேவையின்மைக்குச் சான்றாகாது. பஸ்றா நினைவுச்சின்னத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. ஏனையோர் கல்லில் எண்ணிக்கையாயினர். முதலாம் போரில் மாண்ட ஆசிய, ஆபிரிக்கப் படையினருள்ளும் உழைப்பாளருள்ளும் குறைந்தது 1,16,000 பேர் பெயர் குறித்து நினைவுகூரப்படவில்லை, அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்று 2021இல் அவ்வாணைக்குழு தானே வெளியிட்டு மன்னிப்பும் கோரியது. அதே ஆண்டில், இலாகூர் நூதனசாலையிற் கிடந்த பஞ்சாபிப் படையினர் 3,20,000 பேரின் ஊர்வாரிப் பதிவேடுகள் கணினிமயமாக்கப்பட்டு வெளிவரத் தொடங்கின. தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றிலோ, இவ்வூரிலிருந்து இத்தனைபேர் போருக்குச் சென்றனர் எனக் கூறும் கற்பலகைகள் உள்ளன; அவை தொகையைக் கூறுவன, பெயரைக் கூறுவனவல்ல.

இறுதியாக, தேடுவோர் தம் வீட்டிலேயே பலகால் கவனியாது விடும் ஆவணம் ஒன்றுண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றோராக்கியபின், 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோர், 1946 சனவரி 1க்கு முன்னர் மணமானவராயின் 7 ஆண்டும் ஏனையோராயின் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அதற்காகத் தோட்டத்துப் பதிவும், செக்றோற் படியும், பிறப்புச் சான்றும், கடற்பயணச் சீட்டும் திரட்டப்பட்டன. காகிதம் உடையோர் பிரசையாயினர், இல்லாதோர் வெளியே நின்றனர். பாட்டனார் எவ்வாண்டு எத்தோட்டத்திற் பேர் போட்டார் என்பதை அக்கோப்பு ஆண்டுதோறும் காட்டும். அதில் ஈராண்டோ மூவாண்டோ இடைவெளி காணப்பட்டு, அது ஒரு போரின் காலத்தோடும் பொருந்துமாயின், பதக்கம் இல்லாத வீட்டிலும் பட்டாளக் கதையைத் தேடுதற்கு இடமுண்டு.

1964 ஒக்ரோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இருபாலும் சமமாகப் பங்கிடப்பட்டனர். அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகப் பிரிந்தபொழுது தகரப்பெட்டியும் ஒருவர் கைக்கே போயிற்று. பதுளையில் கதையும், கோத்தகிரியிலோ கூடலூரிலோ பதக்கமும் இருத்தல் கூடும். ஆதலின் இலண்டனுக்கோ வெலிங்டனுக்கோ எழுதுமுன் அங்குள்ள சிற்றப்பன், பெரியப்பன் பிள்ளைகளுக்கு எழுதி, பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுதலே முதற்பணி. இரு பாலாரும் பாட்டனார் பெயரை ஆங்கிலத்தில் எவ்வாறெல்லாம் எழுதினர் என்பதையும் ஒருங்கே குறித்துக்கொள்ளல் வேண்டும். இராமசாமி என்னும் ஒரு பெயரே பதிவுக்குப் பதிவு வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் நிற்கும்.