ஈயத்தை விரட்டிய ஒளி

போருக்குப் பிந்தைய ஜப்பானியச் சுவரொட்டிகளைப் பார்க்கிறவர்கள் அவற்றை வடிவமைத்த கலைஞர்களைத்தான் புகழ்வார்கள். அந்தப் புகழில் பாதி ஓர் இயந்திரத்துக்குச் சேர வேண்டும் என்பேன். ஜப்பானியர் ‘ஷாஷொக்கு’ என்று அழைத்த ஒளி அச்சுக்கோர்ப்பு இயந்திரம் அது.

ஆங்கில அச்சகத்தில் 26 எழுத்துகளோடு வேலை முடிந்துவிடும். ஜப்பானிய அச்சகத்துக்கோ சீனத்திலிருந்து வந்த ‘கான்ஜி’ எழுத்துகள் ஆயிரக்கணக்கில் வேண்டும்; அவற்றையும் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியே ஈயத்தில் வார்த்தாக வேண்டும். இந்தச் சுமையை இறக்க முனைந்தவர்கள் இஷீ மொக்கிச்சி, மொரிசாவா நொபுவோ என்ற இருவர். 1924-இல் இந்த இயந்திரத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள்.

இயந்திரத்தில் தட்டச்சுப் பலகை கிடையாது. கறுப்புக் கண்ணாடித் தகட்டில் எழுத்துகள் மட்டும் ஒளி ஊடுருவும்படி இருக்கும். வேண்டிய எழுத்து லென்சுக்கு நேராக வரும்வரை தகட்டை நகர்த்தி, நெம்புகோலை அழுத்தினால், இருட்டுப் பெட்டிக்குள் இருக்கும் புகைப்படத் தாளில் அந்த எழுத்து பதியும். பல்சக்கரம் ஒரு பல் நகர்ந்தால் தாள் கால் மில்லிமீட்டர் நகரும். தாளைக் கழுவிய பிறகே கோர்த்தது கண்ணுக்குத் தெரியும். லென்சை மாற்றினால் அதே எழுத்து பெரிதாகும், சிறிதாகும், ஒடுங்கும், சாயும்.

வடிவமைப்பாளர்களைக் கவர்ந்தது எழுத்துகளின் இடைவெளி. ஈய எழுத்துக்கு உலோக உடம்பு உண்டு. அந்த உடம்புகள் முட்டிய பிறகு இரண்டு எழுத்துகளை மேலும் நெருக்க முடியாது. ஒளிக்கு அந்தத் தடை இல்லை. நகர்வைக் குறைத்தால் எழுத்துகள் ஒன்றையொன்று உரசி நிற்கும். அந்தக் காலத்து விளம்பரத் தலைப்புகளின் இறுக்கம் இப்படி வந்ததுதான்.

ஆனால் தகட்டில் ஏறும் எழுத்தை ஒரு மனிதர் வரைந்தாக வேண்டும். மொரோஹாஷி தெத்சுஜியின் மாபெரும் சீன-ஜப்பானிய அகராதிக்கான அச்சுத் தகடுகள் 1945 விமானத் தாக்குதலில் எரிந்துபோயின. பிறகு அதற்காகச் சுமார் 50,000 எழுத்துகளைப் புதிதாக உருவாக்கிக் கொடுத்தவர் இஷீ. இந்த உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. 1960-இல் அவருக்குக் கிக்குச்சி கான் விருது கிடைத்தது.

அடுத்த தலைமுறை தூரிகையின் சாயலையே விட்டது. 1969-இல் ‘குரூப் டைப்போ’ என்ற நால்வர் குழு ‘கானா’ எனும் ஜப்பானிய அசையெழுத்துகளுக்கு ‘டைப்போஸ்’ என்ற எழுத்துருவை வெளியிட்டது. டைப்போஸ் 35 என்றால் கிடைக்கோட்டின் தடிமன் 3, செங்குத்துக் கோட்டின் தடிமன் 5. மறு ஆண்டு தொடங்கிய ‘ஆன்ஆன்’ இதழின் முகமே அந்த எழுத்துதான்.

இஷீயும் மொரிசாவாவும் பின்னாளில் பிரிந்து, தனித்தனி நிறுவனம் நடத்தினார்கள். காப்புரிமைக்கு விண்ணப்பித்து நூறாண்டு நிறைந்த 2024-இல், இரு நிறுவனங்களும் சேர்ந்து இஷீயின் எழுத்துகளைக் கணினி எழுத்துருக்களாக வெளியிட்டன.