உப்புநீர் மாற்றிய சிகிச்சை

1920களில் பாரிஸில் சார்ல் துஜாரியே என்ற அறுவை மருத்துவர் ஒரு நடனப் பெண்ணின் கால்களை மெலிய வைக்க முயன்றார். கருப்பையைச் சுரண்டும் கருவியைத் தோலுக்கடியில் விட்டுக் கொழுப்பைச் சுரண்டியபோது ரத்தநாளம் சேதமானது. கால் அழுகி, கடைசியில் அதையே எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின் பல பத்தாண்டுகள் மருத்துவர்கள் அந்தப் பக்கம் போகவே தயங்கினார்கள்.

1970களின் நடுவில் ரோமில் ஃபிஷர்கள், தந்தையும் மகனும், கொழுப்பை உறிஞ்சியெடுக்கும் கருவியைக் கொண்டுவந்தார்கள். 1977இல் பாரிஸ் மருத்துவர் இவ்-ஜெரார் இலூஸ் மழுங்கிய முனைக் குழாயைக் கையில் எடுத்தார். கூர்முனை எதிர்ப்பட்டதையெல்லாம் அறுத்துவிடும். மழுங்கிய முனை ரத்தநாளங்களையும் நரம்புகளையும் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு மிருதுவான கொழுப்பை இழுக்கும். இன்றைய லைப்போசக்ஷன் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆனாலும் ரத்தப்போக்கு தீரவில்லை. திரவம் எதுவும் செலுத்தாமல் செய்த அந்நாளைய 'உலர்' முறையில், உறிஞ்சி எடுத்ததில் நூற்றுக்கு 20 முதல் 45 பங்கு வரை ரத்தமாகவே இருந்தது. முழு மயக்கம் கொடுக்க வேண்டும், ரத்தம் ஏற்றத் தயாராக இருக்க வேண்டும்.

இதை மாற்றியவர் கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன். 1985இல் அவர் கண்டது எளிய வழி: உப்புநீரில் கொஞ்சம் லிடோகைன், மிகச் சிறிதளவு அட்ரினலின் கலந்து, கொழுப்புக்குள் லிட்டர் கணக்கில் செலுத்துவது. லிடோகைன் மரத்துப்போகச் செய்யும். அட்ரினலின் ரத்தநாளங்களைச் சுருக்கும். சற்று நேரத்தில் அந்த இடம் தண்ணீர் நிரப்பிய பலூன் போல விறைத்து, தோல் வெளுக்கும். அதன்பிறகே சில மில்லிமீட்டர் துளை வழியாக மெல்லிய குழாய் உள்ளே போகிறது. மருத்துவரின் ஒரு கை குழாயை முன்னும் பின்னும் நகர்த்த, இன்னொரு கை தோல்மேல் படிந்து குழாயின் முனை எங்கே போகிறது என்று தடவி அறிகிறது. ரத்த இழப்பு இப்போது நூற்றுக்கு ஒரு பங்கு அளவுதான். லேசர், அல்ட்ராசவுண்ட் என்று விளம்பரங்கள் எதைச் சொன்னாலும், பாதுகாப்பைக் கொண்டுவந்தது அந்த உப்புநீரே என்பேன்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சுமார் 5,000 பேருக்கு ஒருவர் இறந்திருந்தது தெரியவந்தது. முதன்மைக் காரணம் நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு. நோயில்லாமல் நடந்து வந்தவர் இறப்பதற்கு அந்த எண்ணிக்கையே அதிகம். லிடோகைனும் உடனே உச்சத்தைத் தொடுவதில்லை. ரத்தத்தில் அதன் அளவு ஏறிக்கொண்டே போகப் பல மணி நேரம் ஆகும். நோயாளி வீட்டுக்குப் போன பிறகுகூட விபரீதம் நேரலாம். ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் இரவு மருத்துவமனையில் கண்காணிக்க வேண்டும் என்கிறார்கள். செய்பவர் பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜனா, மயக்க மருந்து நிபுணர் இருப்பாரா, அவசரம் என்றால் ஐசியு எங்கே என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

உடல் எடையைக் குறைக்கும் வழி என்ற நம்பிக்கை மட்டும் அன்றுபோலவே இன்றும் இருக்கிறது. 2004இல் அமெரிக்காவில் உடல்பருமன் உள்ள 15 பெண்களின் வயிற்றிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை எடுத்துவிட்டுச் சில வாரங்கள் கழித்துச் சோதித்தார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் எதுவும் அசையவில்லை. குழாய் எட்டுவது தோலடிக் கொழுப்பை மட்டுமே. குடலையும் கல்லீரலையும் சூழ்ந்த கொழுப்பு அப்படியே இருக்கும். தின்பது மாறாவிட்டால் எடுக்காத இடத்தில் புதிதாகச் சேரும்.

மெய்யான பலன் வேறிடத்தில் இருக்கிறது. லிப்பிடீமா என்ற நோயில் பெண்களின் கால்களில் வலியோடு கொழுப்பு திரளும். பட்டினி கிடந்தாலும் கரையாது. சாப்பாட்டைக் குறை என்று பழி சொல்லியே அனுப்பப்பட்டவர்கள் பலர். இன்று அவர்களுக்கு லைப்போசக்ஷன் வலியைக் குறைத்து, நடக்க விடுகிறது. ஜெர்மனியில் 2020இல், முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கு அதன் செலவைப் பொது மருத்துவக் காப்பீடே ஏற்கத் தொடங்கியது.