காந்தளும் குறிஞ்சியும்

பாடாங் செராய்த் தமிழ்ப்பள்ளி மாணவனுக்குக் குறிஞ்சி என்றால் ஐந்திணையுள் ஒன்று. காந்தள் என்றால் மங்கையர் விரலுக்கு உவமை. இரண்டும் இன்றும் மண்ணில் பூக்கும் செடிகள் என்பதையோ, அவற்றுள் ஒன்றுக்கு இடர் மிகுந்துள்ளது என்பதையோ அவன் கேள்விப்படுவது அரிது.

தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தள் ஒரு கொடி. இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடித்துக்கொள்ளும். ஆறு இதழ்களும் முதலில் பசுமஞ்சளாக இருந்து, பின்னர் தீயெனச் சிவக்கும். கொடி பட்டுப்போனாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு அடுத்த மழைக்கு முளைத்துவிடும். ஆப்பிரிக்கா முதல் தென்கிழக்காசியா வரை இது பரவியுள்ளது. ஆதலின் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இது கவலை குறைந்த இனமாகவே உள்ளது. கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்கிசின் கொடிய நஞ்சு. அளவறிந்து கொடுத்தால் கௌட் என்னும் மூட்டுநோய்க்கு மருந்து. தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் உழவர்கள் விதைக்காக இதனைப் பயிரிட்டு, கையாலேயே மகரந்தம் சேர்க்கின்றனர். பாட்டில் வந்த பூ பணப்பயிரானது! ஆயினும் காட்டுக் கிழங்கைத் தோண்டி விற்போரால் சில இடங்களில் இது அருகி வருகிறது.

நீலக்குறிஞ்சியின் கதை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளே அதன் உலகம். கெடாவின் ஜெராய் மலை உச்சி 1,217 மீட்டர். குறிஞ்சி பெரும்பாலும் அதனினும் உயர்ந்த சரிவுகளிலேயே வளரும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலையெல்லாம் ஒருங்கே பூத்து, விதை சிந்தி, செடி மடிந்துவிடும். காந்தளின் பூவைப் பறித்தால் கிழங்கு எஞ்சும். குறிஞ்சிக்கோ விதையன்றி வேறு முதல் இல்லை. பூப்புக் காலத்தில் வேடிக்கை பார்க்க வருவோர் கொத்தாக ஒடித்துச் செல்லும் பூவோடு அந்தத் தலைமுறையின் வித்தும் போய்விடுகிறது.

அதைவிடப் பெரிய கேடு நிலம் பறிபோவது. காடழித்து ரப்பரும், பின்னர் செம்பனையும் நட்ட வரலாற்றைக் கெடாத் தோட்டப்புறத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே தேயிலையும் யூகலிப்டசும் சீகை மரமும் புல்வெளியை விழுங்கின. 2006ஆம் ஆண்டில் கேரள அரசு இடுக்கி மாவட்டத்தில் குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது. 2024இல் செம்பட்டியல் நீலக்குறிஞ்சியை அழிவுக்கு ஆளாகக்கூடிய இனமாகச் சேர்த்தது.

2018இல் பூத்த செடிகளின் விதையில் எழுந்தவை இப்போது பூவின்றிப் பச்சைப் புதர்களாக நிற்கின்றன. அறியாதவர் கண்ணுக்கு அவை வெட்டிக் களையவேண்டிய புதரே. அவை பூக்க வேண்டிய ஆண்டு 2030.