நார்த்தாமலைக் குண்டு

புதுக்கோட்டை ஜில்லா நார்த்தாமலையருகே 2021-ம் வருஷம் டிஸம்பர் 30-ந் தேதி மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் துப்பாக்கிப் பயிற்சி செய்த வேளையில், ஒரு குண்டு மைதானத்தைத் தாண்டிச் சென்று, வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ந் தேதி தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவன் உயிர் நீத்தான். தமிழ்நாடு சர்க்கார் அக்குடும்பத்துக்கு 10 லக்ஷம் ரூபாய் அறிவித்தனர்.

கை தவறிற்று என்பது இங்கு சமாதானமாகாது. கை தவறும் என்றெண்ணியே ஆயுதத்துக்கு விதி வகுத்தல் வேண்டும். 1873-ல் வெளிவந்த கோல்ட் ரிவால்வரில் அறைகள் ஆறு; விவரமறிந்தோர் அதில் இட்ட தோட்டாக்களோ ஐந்தே. சுத்தியலின் கீழுள்ள அறை காலியாயிருப்பின், ஆயுதம் தவறி விழினும் வெடியாதன்றோ? பின்னர் 1973-ல் ரூகர் கம்பெனியார், விசையை இழுத்தாலன்றிச் சுத்தியலின் அடி தோட்டாவை எட்டாதபடி உறுப்பொன்றை அமைத்தனர். தாம் முன்பு விற்ற பழைய ரிவால்வர்களையும் இனாமாகவே திருத்திக் கொடுக்க முன்வந்தனர்.

ரிவால்வரின் கதையே இதுவானால், 2 மைல் செல்லவல்ல ரைபிளுக்கு எத்தனை முன்யோசனை வேண்டும்! மைதானம் வகுப்போர் குறியை நோக்குமுன் குறிக்குப் பின்னுள்ளதை நோக்குக. குண்டைத் தடுக்கும் மண்மேடு எவ்வளவு உயரம்? கிராமம் எவ்வளவு தூரம்? பயிற்சி வேளையைத் தண்டோராப் போட்டு அறிவித்தனரா? இவற்றிற்கு எழுத்தில் விடை தராத மைதானம் எதுவாயினும் அதனை மூடி வைப்பதே முறை.